நான் நெய்து அடைத்த இடம்

போன மாதம் நிரோஷினி போன் செய்தாள். நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். லிந்துலைப் பக்கத்து நெசவு நிலையத்தின் பொறுப்பாளர். கெட்டிக்காரப் பிள்ளை. எதையும் பாதியில் விடமாட்டாள். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

“மிஸ், நுவரெலியாவுல ஒரு கண்காட்சி வைக்கிறோம். நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க தங்களச் சுத்தி இருக்கிறதப் பாத்து நெசவாவும் சிலையாவும் செஞ்சது மட்டும்தான் வைக்கப்போறோம். கொழும்புத் தலைமைக் கந்தோர்ல கெடந்த தெய்வானையம்மாவோட பெரிய துணியும் திரும்பி வந்திருச்சு. அதப் பத்தி நீங்கதான் எழுதணும். ஒங்களுக்குத்தானே முழுக் கதையும் தெரியும்.”

முழுக் கதையும் எனக்குத் தெரியும். அதனால்தான் அதற்குப் பிறகு பத்து நாள் அவள் போனை எடுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குப் பிரியாவிடை வைத்தபோது இந்தத் துணியின் கதையைச் சொல்லித்தான் கைதட்டு வாங்கினேன். தேயிலைக் கொழுந்தெடுக்கிற ஒரு பெண், பழைய கம்பளியையும் கிழிந்த சாக்கையும் வைத்து ஒரு மலையையே நெய்தாள், அதை நான் கண்டுபிடித்துக் கொழும்பு வரை கொண்டுபோனேன் என்று சொன்னேன். அழுதவர்கள்கூட உண்டு. அன்றைக்கு நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டது ஒரு சாண் நீளம், நாலு விரல் உயரம். அவ்வளவுதான்.

என் படிப்பு, பயிற்சி பற்றியெல்லாம் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் பிறந்தேன். அம்மா கொழுந்தெடுத்தார். சாதாரண தரம் படித்து முடித்து, இரண்டு வருடம் கைத்தறிப் பயிற்சிக்குப் போனேன். அங்கே மண்டையில் ஏற்றியது ஒரே விஷயம்: இழை விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் பரீட்சையில் புள்ளி வெட்டுவார்கள். விடுதியில் எந்த ஊர் என்று கேட்டால் “நுவரெலியா” என்பேன். “டவுனா?” என்று கேட்டால் தலையை ஆட்டுவேன். அம்மா என்னைப் பார்க்க வந்த ஒரே தடவையும், விடுதி கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்த வெட்கக்கேட்டை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பிறகு செய்த காரியம், தோட்டம் தெரியாத ஒருத்தி தெரியாமல் செய்ததல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் கூடை இரவல் வாங்கினால், அதில் பொத்தல் இருந்தால் பொத்திவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். கேட்டுவிட்டுச் செய்ய மாட்டார்கள். பொத்தலோடு திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதைக் குறைவு. அம்மாவின் மடியில் எப்போதும் யாராவது ஒருத்தியின் கூடை இருக்கும். வீட்டிலும் பயிற்சியிலும் என் கைக்குப் பழகியது இதுதான்: ஓட்டையைக் கண்டால் அடை.

நிலையத்தில் சேர்ந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சதாசிவம் சேர், உதவிப் பணிப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். வருடத்துக்கு இரண்டு தடவை, கண்காட்சிக்கு அனுப்ப வேண்டியதைத் தெரிவு செய்ய வருவார். காலை ரயிலில் தலவாக்கலையில் இறங்கி, எங்கள் வேனுக்குக் காத்திருக்காமல் பஸ் பிடித்து வந்துவிடுவார். எந்தக் குளிரிலும் அதே வெள்ளைச் சட்டை, கை மணிக்கட்டு வரை பூட்டியிருக்கும். வேலை முடியும் வரை தேத்தண்ணீர் குடிக்க மாட்டார். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். தன் கைலேஞ்சியால் விரல் விரலாகத் துடைப்பார். பிறகு துணியை மேசையில் குப்புறப் போடச் சொல்வார். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு வலதுகைப் பெருவிரலைத் துணியின் பின்பக்கத்தில் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக இழுத்துப் போவார். எங்கேயாவது விரல் நின்றால் எங்களுக்கு மூச்சு நிற்கும்.

“முன்பக்கம் ஆக்களுக்குக் காட்டுறது, பிள்ளை,” என்பார். “பின்பக்கத்திலதான் ஆள் இருக்கு.”

அதற்குப் பிறகு படிவம். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து நிரப்புவார். அளவு. பொருள். பழுது உண்டா இல்லையா. கடைசி வரி: கை, தனியா கூட்டா. இரண்டு பேர் கை பட்ட வேலை தனிப் பிரிவில் போகாது, கொழும்புக்குப் போவது தனிப் பிரிவு மட்டும்தான். அதற்கும் கீழே “குறிப்பு” என்று நாலு வரிக்கு இடம் விட்டிருக்கும். எங்கள் நிலையத்திலிருந்து போன ஒரு படிவத்திலும் அந்த இடத்தில் யாரும் எதுவும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் சொல்லிக் கொடுத்தது தாமரை, மான், அன்னம். மேசை விரிப்பும் தலையணை உறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வருவார்கள். அதில் இரண்டு பேருக்கு மட்டும் மானும் அன்னமும் ஏறவே இல்லை. ஒருத்தி பிலோமினா. மற்றவள் தெய்வானை. இரண்டு பேரும் ஒரே தோட்டம், ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவர்கள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு. ஆனால் நான் அவர்களை “நீ, வா, போ” என்பேன். அவர்கள் என்னை “மிஸ், வாங்க, போங்க” என்பார்கள். அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிலோமினா வாயாடி. நெசவுக்கு வந்தவள், ஒரு தறியிலும் அரை நாள் உட்காரமாட்டாள். தோட்டத்தில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் போட்டபோது, அந்தத் தூர்க் கட்டைகளைச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்து கொல்லைப்புறத்தில் போட்டாள். “காயட்டும் மிஸ்” என்றாள். மூன்று மாதம் கழித்து, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியாலேயே அவற்றைச் செதுக்கத் தொடங்கினாள். ஒரு முழ உயரத்தில் பெண்கள். நெற்றியில் கூடைக் கயிறு இறங்க, தலை முன்னால் குனிந்த பெண்கள். கூடை இருக்க வேண்டிய முதுகைக் குடைந்து வெற்றுக் குழியாக விட்டிருந்தாள். முகம் கிடையாது. கழுத்துக்கு மேலே வழவழவென்று ஒரு மரக்கணு, அவ்வளவுதான். ஒன்பது சிலைகளை வரிசையாக வைத்தபோது இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்தேன். நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

சதாசிவம் சேர் அந்த முறை வந்தபோது சிலைகளை நெடுநேரம் பார்த்தார். “வேலை நல்லது, பிள்ளை. ஆனா முகம் இல்லையே. வாறாக்கள் என்னத்தைப் பார்ப்பினம்? கேட்டுப் பாருங்கோ,” என்றார். கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொன்னார். நான் அதைக் கட்டளையாகக் கொண்டுபோனேன்.

“பிலோ, ஒரு கண்ணும் மூக்கும் மட்டும் வச்சிரு. கொழும்புக்குப் போகும்.”

“நெரையில நிக்கிறப்போ எனக்கு முன்னால போறவளோட முதுகுதான் மிஸ் தெரியும். மொகம் தெரியாது. தெரியாதத எப்படி வெட்டுறது?”

“சும்மா ஒரு மொகம் போடேன்.”

“சும்மா போட்டா அது யாரு?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு ஒன்பதையும் சாக்கில் போட்டுக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள். திமிர் பிடித்தவள் என்று நான் கந்தோரில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அடுத்த முறை இப்படி விடக்கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அந்த அடுத்த முறைதான் தெய்வானையின் துணி.

தெய்வானை அதிகம் பேசமாட்டாள். அதற்கு முந்திய வருட மழையில் அவர்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் மண் சரிந்து, ஒரு லயத்தின் கடைசி நாலு காம்பராக்களைக் கொண்டுபோயிருந்தது. தெய்வானை அப்போது கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றாள். அவள் தங்கை செல்வி காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் காம்பராவில் படுத்திருந்தாள். மற்றவர்களை எடுத்தார்கள். செல்வியை எடுக்க முடியவில்லை. ஐந்து நாள் தோண்டினார்கள். மேலே இன்னும் மண் இறங்கவே நிறுத்திவிட்டார்கள்.

தற்காலிகமாகக் கொடுத்த தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு தெய்வானை நெய்தாள். சவுக்குக் கம்பில் தானே அடித்த சட்டம்தான் தறி. பழைய கூடைக் கயிறுகளைப் பிரித்து நெடுக்காகப் பாவு கட்டினாள். குறுக்கே ஓடுகிற ஊடுக்குக் கிழிந்த கம்பளி, இற்றுப்போன சேலை, உரச் சாக்கின் வெள்ளை இழை. நெய்த இழையை இறுக்கி அடிக்க அவளிடம் சீப்பு கிடையாது. கொழுந்தெடுக்கிறபோது செடியின் தலை மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, அந்த மட்டக்கம்பாலேயே அடித்தாள். அதனால் அவள் துணி பலகை மாதிரி இறுகியிருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டிக்கொண்டு வந்து நிலையத்துத் தரையில் விரித்தாள். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு மலை முழுவதும் தெரிந்தது. கிட்டே போனால் ஒவ்வொரு தேயிலை நிரையும் தனித்தனிப் பச்சை.

“இது ஆறு, மிஸ். இது பங்களாவுக்குப் போற ரோட்டு. இந்த வெள்ளையெல்லாம் லயத்துத் தகரம்.” விரலை வைத்துக் காட்டிக்கொண்டே மேலே போனாள். வலது மேல் பக்கத்தில், ஒரு வெள்ளைக் கோடு முடிகிற இடத்தில், துணியில் நெசவே இல்லை. பாவு நூல்கள் மட்டும் வெறுமனே நின்றன. ஒரு சாண் நீளம், நாலு விரல் உயரம். விரலை விட்டால் மறுபக்கம் வந்தது.

“இது எங்க காம்பரா இருந்த எடம். இதுல நான் ஊடு போடல மிஸ். யாரும் போடவும் கூடாது. செல்வி இன்னும் அங்கதான இருக்கா.”

இதைத்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் அரசல்புரசலாகத் தெரிந்த ஒன்றிரண்டு பேரிடம், “எனக்கு விளங்கவில்லை, விட்டுப்போன இழை என்று நினைத்துவிட்டேன்” என்று சமாளித்திருக்கிறேன். அது பச்சைப் பொய். அவள் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். நான் “சரி தெய்வானை” என்று சொல்லித் துணியை வாங்கி வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை சேர் வருகிறார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டேன். துணியை விரித்துப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த ஓட்டைதான் கண்ணில் குத்தியது. “பழுது: உண்டு” என்று சேர் வாசிக்கிற குரல் காதில் கேட்டது. பிலோமினாவின் சிலை போனது போல இதுவும் போய்விடும் என்று பயந்தேன். படிவத்தில் “குறிப்பு” என்று இடம் இருந்ததே, அதில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுத எனக்குக் கூசியது. லயம், மண்சரிவு, தோண்டி எடுக்காத ஒரு பெண் என்று கந்தோர்க் கடுதாசியில் என் கையெழுத்தில் எழுதுவதா? கொழும்புக்கு ஒரு அழகான மலை போகட்டும் என்றுதான் நினைத்தேன். அம்மாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவள்தானே நான்.

சாக்கு ஊசியை எடுத்தேன். நிலையத்து அலுமாரியிலிருந்து பச்சை நூல் எடுத்தேன். தெய்வானையின் பச்சைகளுக்கு ஒத்துவர மூன்று நிறத்தைச் சேர்த்து முறுக்கினேன். பாவு நூல்களுக்கு இடையே ஒன்று விட்டு ஒன்று கோத்து, சீப்பால் தட்டித் தட்டி இறக்கினேன். ஒன்றரை மணித்தியாலம். என் வாழ்நாளில் நான் செய்த மிக நேர்த்தியான பொத்துவேலை அதுதான். சொல்லவே வாய் கூசுகிறது, முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

புதன்கிழமை சேர் வந்தார். கை கழுவினார், துடைத்தார், துணியைக் குப்புறப் போடச் சொன்னார். பெருவிரல் ஓரத்திலிருந்து கிளம்பியது. ஆற்றைத் தாண்டியது, ரோட்டைத் தாண்டியது. அந்த இடத்துக்கு வந்து நின்றது. பின்னால் போனது, மறுபடி வந்தது. கண்ணைத் திறந்தார்.

“இதில இறுக்கம் குறையுது. வேற கை பட்டிருக்கோ, பிள்ளை?”

“இல்லை சேர்.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. வேற கை எண்டாலும் குற்றமில்லை. கூட்டு எண்டு போடலாம்.”

கூட்டு என்று போட்டால் கொழும்பு இல்லை. “அவளே கடைசியா செஞ்ச இடம் சேர். கை களைச்சுப் போயிருக்கும்,” என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. நீங்கள் சொன்னால் சரி,” என்றார். பேனாவை எடுத்து, “கை: தனி” என்று வாய்விட்டு வாசித்து எழுதினார். பிறகு தேத்தண்ணீர் கேட்டார். அவர் என்னை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். நம்பாமலே என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லது.

தனிப் பிரிவில் துணி முதலாமிடம் எடுத்தது. கொழும்புக்கு அனுப்புவதற்கு முன் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்தோம். தெய்வானையும் பிலோமினாவும் நல்ல சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசலிலேயே பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். விருந்தினர் வந்து போன பிறகு துணியைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பிலோமினா இருக்கிற இடத்தில் அதெல்லாம் நடக்குமா? “வாடி, ஒன்னோட மலையப் பாப்போம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தெய்வானை துணிக்கு முன்னால் நின்றாள். நான் பின்னால் நின்றேன். அவள் கிட்டே போனாள். அந்த இடத்தில் விரலை வைத்தாள். விரல் மறுபக்கம் போகவில்லை.

“தோட்டத்துத் தொரைகூட அந்த எடத்துல தேயிலக் கன்னு வைக்கல, மிஸ்,” என்றாள். “நீங்க வச்சிட்டீங்க.”

பிலோமினா என் பக்கம் கையை நீட்டினாள். “மிஸ், ஒரு கத்திரி குடுங்க. இப்பவே பிரிச்சிருவோம். ரெண்டு நிமிசம்.”

“முடியாது பிலோ. முத்திரை வச்சாச்சு. இலக்கம் குடுத்தாச்சு. விருந்தாளி கீழ வந்துட்டாரு.”

மூன்றும் உண்மை. ஆனால் கத்திரி என் கைப்பையில்தான் இருந்தது. பிரித்திருந்தால் சேருக்குத் தெரிந்திருக்கும். என் பொய் தெரிந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன், முத்திரைக்கு அல்ல.

விருந்தினர் வந்தார், படம் எடுத்தார்கள். நான்தான் தெய்வானையைத் தோளைப் பிடித்து இழுத்துத் துணிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். படம் எடுக்கிற நேரத்தில் அவள் கையை விரித்து அந்தப் பச்சையின் மேல் வைத்து மூடிக்கொண்டாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். வருகிறவர்கள் எல்லாம், “பாருங்க, தன் வேலையை என்ன பெருமையாகத் தொட்டுக் காட்டுறா” என்பார்கள். நான் “ஆமாம்” என்பேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிலையத்துப் பக்கம் வரவில்லை. ஒருமுறை தலவாக்கலை பஸ் நிலையத்தில் தெய்வானை நின்றதைக் கண்டு, பக்கத்து பேக்கரிக்குள் புகுந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பணிஸ்களை ஆராய்ச்சி செய்துகொண்டு நின்றேன். வேண்டாத ஆறு பணிஸ் வாங்கினேன். வெளியே வந்தபோது அவள் பஸ் போயிருந்தது. சதாசிவம் சேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். ஒரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் காலமான செய்திதான் முதலில் வந்தது. இப்படியே பதினொரு வருடம்.

நிரோஷினியின் போனைக் கடைசியில் எடுத்தேன். எழுதுகிறேன், அதற்கு முன் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றேன். நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தெய்வானையைத் தேடிப் போனேன். பழைய தோட்டத்துக்குக் கீழே புதிதாகக் கட்டிக் கொடுத்த தனி வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். இருக்கிறார். வாசலில் பிலோமினாவின் முகமில்லாத பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒன்பதல்ல, முப்பதுக்கு மேல் இருக்கும். உள்ளே ஜன்னலோரம் அதே சவுக்குச் சட்டம், அதில் பாதி நெய்த துணி. சுவரோரம் சுருட்டி வைத்த துணிகள் இன்னும் நாலைந்து.

நான் அவற்றையே பார்ப்பதைக் கண்டு, “நாங்க நெய்யாம இருக்கல மிஸ். ஒங்ககிட்ட குடுக்கல, அவ்வளவுதான்,” என்றார்.

“தெய்வானை, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. நீங்க சொல்லியும் செஞ்சேன்.” வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை “நீங்க” என்றேன். “துணி திரும்பி வந்திருக்கு. நான் போட்டத நானே பிரிச்சுடுறேன். கத்திரி கொண்டு வந்திருக்கேன்.”

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “நீங்க பிரிச்சா என்னாகும்?”

“முன்ன இருந்த மாதிரி ஆயிரும்.”

“அதத்தான் சொல்றேன். பாக்குறவங்களுக்கு அது எப்பவும் அப்படியே இருந்த மாதிரி இருக்கும். ஒங்களுக்கு மனசு லேசாயிரும்.” கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். “பதினொரு வருசம் செல்வி எடத்துல ஒங்க நூலு இருந்திருக்கு. அது யாருக்கும் தெரிய வேணாமா? அங்கயே இருக்கட்டும். பக்கத்துல ஒங்க பேர எழுதி வைங்க. கண்காட்சி முடிஞ்சதும் நான் பிரிச்சுக்கிறேன்.”

“என் பேரா?”

“செஞ்சவங்க பேரத்தான எழுதுவாங்க?”

கோப்பையைக் கையில் எடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதையும் மிச்சம் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

கண்காட்சி அன்று நேரத்தோடே போய் அட்டையை நானே எழுதி, துணிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நிரோஷினி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எதிர்ப் பக்கத்தில் பிலோமினாவின் பெண்களை நீளமான மேசையில் நிறுத்தியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், டீச்சர்மார், தோட்டங்களிலிருந்து வேனில் வந்த பெண்கள் என்று கூட்டம் வந்தது. ஒவ்வொருவரும் மலையைப் பார்த்தார்கள், அட்டையை வாசித்தார்கள், பிறகு திரும்பிப் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்தார்கள். ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. அங்கே வாங்குவதற்குப் பணிஸ் இல்லை.

பத்து மணிக்குத் தெய்வானை வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைக்குக் கிட்டே போய், எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“நெசவு: தெய்வானை. மேலே வலப்பக்கத்துப் பச்சை மட்டும், நிலையப் பொறுப்பாளராக இருந்த பரமேஸ்வரி, கேட்காமல் நெய்தது.”

மறுபடியும் ஒரு தடவை வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கேக்காமன்னு போட்டிருக்கீங்க மிஸ். நான் சொன்னேனே.”

இவ்வளவு நடந்த பிறகும், எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளத் துணிந்து வந்து நின்ற இடத்திலும், நான் எனக்கு ஒரு சின்னச் சலுகை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

நிரோஷினியிடம் பேனா வாங்கினேன். “கேட்காமல்” என்பதை அடித்தேன். அழித்து எழுத இடமிருந்தது, ஆனாலும் அடித்தது தெரியும்படி அப்படியே விட்டேன். அதற்கு மேலே, “வேண்டாம் என்று அவர் சொல்லியும்” என்று எழுதினேன்.

தெய்வானை அதையும் வாசித்தார். “இப்ப சரி,” என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பிலோமினாவின் சிலைகளைப் பார்க்கப் போனார்.